அறுநூற்று நாற்பத்திரண்டாம் ஆண்டில் இறந்தவர்கள்

லண்டன் டூட்டிங் கடைகளில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் இலவச மாதப் பத்திரிகையை எங்கள் சனம் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கும். கடைசிப் பக்கங்களில் மரண அறிவித்தல்கள். யார் போய்விட்டார்கள், எந்த ஊர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று பார்த்து முடித்த பிறகு, நேரமிருந்தால் முன்பக்கத்துக்கு வருவார்கள். பெரும்பாலும் நேரமிருக்காது. நடுவில் நகைக்கடை, வழக்கறிஞர், வீடு விற்பவர் விளம்பரங்கள். இவற்றுக்கிடையில் மிஞ்சும் இடத்தை நிரப்புவது அந்தப் பத்திரிகை ஆசிரியரின் மாதாந்தத் தலைவலி. அந்தத் தலைவலியில் ஒரு பக்கத்தை ஒருநாள் என் தலையில் கட்டிவிட்டார்.

"அண்ணை, நீங்கள் புத்தகங்களுக்கை இருக்கிற ஆள். மாதம் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அரசியல் மட்டும் வேண்டாம். ஆருக்கும் கோவம் வரக்கூடாது."

புத்தகங்களுக்குள் இருக்கிறேன் என்பது உண்மைதான். பெரிய நூலகம் ஒன்றின் நிலத்தடிக் களஞ்சியத்தில் வேலை. மேலே வாசிக்கிறவர்கள் கேட்கும் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்து அனுப்புவதும், திரும்பி வந்ததை அதே இடத்தில் வைப்பதும் என் தொழில். வாசிப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒன்று சொல்லித்தந்தார்கள். ஒரு புத்தகம் தட்டில் இல்லாவிட்டால், பதிவில் 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'இடத்தில் இல்லை' என்றுதான் எழுத வேண்டும். யாரோ பிழையான தட்டில் செருகியிருக்கலாம், முப்பது வருடம் கழித்துக்கூடக் கிடைக்கலாம். கிடைத்தும் இருக்கிறது.

அரசியல் இல்லாமல், யாருக்கும் கோபம் வராமல் எதை எழுதுவது? ஆயிரம் வருடத்துக்கு முந்தியதை எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மாதம் ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் உலகத்தில் என்னென்ன நடந்தது, யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், அவ்வளவுதான். முதல் ஆண்டாக அறுநூற்று நாற்பத்திரண்டை எடுத்தேன். பல்லவர்கள் வாதாபியைப் பிடித்த வருடம். எங்கள் ஆட்களில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் வாதாபி என்ற பெயர் தெரியும், அதனால் ஒரு நாலு பேராவது வாசிப்பார்கள் என்ற நப்பாசை.

மத்தியான இடைவேளைகளில் குறிப்பெடுத்தேன். எடுக்க எடுக்க மனம் கனத்தது. அது நல்ல வருடமே இல்லை. பாரசீகத்தில் நாலு நூற்றாண்டு ஆண்ட ஒரு சாம்ராச்சியம் ஒரே போரில் முறிந்துவிட்டது. அதன் சக்கரவர்த்தி அதற்குப் பிறகு ஊர் ஊராக அடைக்கலம் கேட்டுத் திரிந்து, ஒன்பது வருடம் கழித்துக் கொல்லப்பட்டான். எகிப்தின் பெரிய துறைமுக நகரத்திலிருந்து கிரேக்கப் படைகள் கப்பலேறின. கொரியாவில் ஒரு தளபதி விருந்துக்கு அழைத்துப் பிரபுக்களை வெட்டி, பிறகு அரண்மனைக்குப் போய் அரசனையும் வெட்டினான். இந்த இங்கிலாந்திலேயே, வடக்கே ஆண்ட ஓர் அரசனைப் போர்க்களத்தில் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிக் கம்பங்களில் குத்தி வைத்தார்கள். அவனுடைய தம்பி ஒரு வருடம் பொறுத்து வந்துதான் அவற்றை எடுத்துப்போனான். நல்லதாக ஒன்றே ஒன்று கிடைத்தது. ஜப்பானில் மழை பொய்த்துப்போக, அந்த வருடம் பட்டத்துக்கு வந்த ஒரு ராணி ஆற்றோரம் முழந்தாளிட்டுக் கும்பிட, மழை கொட்டியதாம்.

'பிறப்பு' என்ற தலைப்பின் கீழ் எழுத எனக்கு யாரும் அகப்படவில்லை. பிறந்தபோது யாரையும் யாரும் கவனிக்கவில்லைப்போல. 'இறப்பு' என்ற தலைப்பின் கீழ் இடம் போதவில்லை. வாதாபியில் தோற்ற சாளுக்கிய அரசனையும் அங்கேதான் போட்டேன். நான் பார்த்த எல்லாப் புத்தகங்களிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆண்டுதான் இருந்தது.

பத்திரிகை பங்குனியில் வந்தது. வேலை முடிந்து வரும்போது டூட்டிங்கில் இறங்கி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு மோர்டனுக்கு ரயில் ஏறினேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். எனக்குக் குடும்பம் அமையவில்லை, அது வேறு கதை. தங்கச்சி கலியாணம் கட்டி செவன் கிங்ஸில் இருக்கிறாள். அம்மா வழமைபோலக் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, பூதக்கண்ணாடியை வரிக்கு வரி நகர்த்தி, அன்றைக்கு மட்டும் மகன் எழுதியது என்பதற்காக என் பக்கத்துக்கும் வந்தார். ஜப்பானிய ராணியை அவருக்குப் பிடித்துவிட்டது. "மனுசி கும்பிட்ட கும்பிடு" என்றார். பிறகு கண்ணாடி கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இந்த வாதாபி ராசா செத்தவர் எண்டு போட்டிருக்கிறாய். ஆர் கண்டது?"

"புத்தகத்திலை இருக்கு அம்மா."

"புத்தகம் எழுதினவன் கண்டவனோ?"

"அதுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு கல்வெட்டிலையும் கதை இல்லை. அதாலை அண்டைக்கே செத்திருப்பார் எண்டு எழுதியிருக்கினம்."

"கதை இல்லாட்டிச் செத்ததோ?" என்று கேட்டுவிட்டு அம்மா பத்திரிகையை மடித்து வைத்தார்.

அம்மா எந்த ராசாவைப் பற்றிப் பேசுகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

என் அப்பாவைப் பற்றிக் கதை நின்றுபோனது 2009 வைகாசியில். அதற்கு மூன்று வருடம் முன்பு தங்கச்சியின் முதல் பிரசவத்துக்காக அம்மா ஆறு மாத விசாவில் லண்டன் வந்திருந்தார். அப்பா வன்னியில் நின்றார். வயல் வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அம்மா வந்து இரண்டு மாதத்தில் வன்னிக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. பிறகு சண்டை. அந்தக் கடைசிக் கிழமைகளில் ஊரவர் ஒருவர் அப்பாவைக் கண்டிருக்கிறார். சனத்தோடு சனமாக நடந்து வந்து, இராணுவச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, வயது போனவர்களைத் தனியாக ஏற்றிய பஸ் ஒன்றில் அப்பா ஏறினார் என்று அவர் முகாமிலிருந்து சொல்லி அனுப்பினார். அந்தப் பஸ் எந்த முகாமுக்கும் போய்ச் சேரவில்லை. கடிதம் எழுதினோம், படிவம் நிரப்பினோம், படம் அனுப்பினோம். விசாரிக்கிறோம் என்று பதில் வரும், பிறகு அதுவும் வராது.

அம்மா ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று குங்குமப் பொட்டு வைப்பார். பெரிய பொட்டு. சுற்றிவர உள்ள மற்றப் பெண்கள் வைப்பதைவிடப் பெரிது. மோர்டன் பஸ் நிறுத்தத்தில் தூரத்திலிருந்தே அம்மாவை அடையாளம் காணலாம். கலியாணம், பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சாமத்தியச் சடங்கு என்று எங்கே போனாலும் ஆராத்தி எடுக்க அம்மாவை முன்னுக்குக் கூப்பிடுவார்கள். புருசன் உள்ள, வயதுபோன, நாலு பேர் மதிக்கிற பெண். அம்மாவும் தட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். எங்கள் வீட்டுத் தொலைபேசி நம்பரை நாங்கள் மாற்றியதே இல்லை. அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே லண்டன் நம்பர் அது. கைத்தொலைபேசி வந்த பிறகும் அந்தப் பழைய இணைப்பை வைத்திருந்தோம். அதில் ஏமாற்றுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அழைப்பு எடுப்பதில்லை என்றாலும், மணி அடித்தால் அம்மா முதல் ஓடுவார்.

அடுத்த நாள் வேலையில் அந்தச் சாளுக்கிய அரசனைத் திரும்பத் தேடினேன். அம்மா கேட்டது சரிதான். அவன் செத்ததை நேரில் சொல்லும் கல்வெட்டு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வென்றவன் வாதாபிப் பாறையில் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான், தோற்றவன் என்ன ஆனான் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அந்தச் சிம்மாசனத்தின் கதையே மங்கலாக இருக்கிறது. பிறகு மகன் ஒருவன் எழும்பி நகரத்தை மீட்கிறான். நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து, அவன் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். நியாயமான முடிவுதான். நான்கூட அப்படித்தான் முடிவு கட்டியிருப்பேன். ஆனால் ஒரு பழைய புத்தகம் தொலைந்தால்கூட 'இடத்தில் இல்லை' என்று எழுதும் நான், ஒரு மனிதனை யோசிக்காமல் செத்தவர்களோடு சேர்த்திருந்தேன்.

"பிழை எண்டால் திருத்திப் போடு" என்றார் அம்மா. போடுகிறேன் என்றேன். ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஆயிரத்து முன்னூறு சொச்சம் வருசம் அண்ணை! அண்டைக்குச் சாகாட்டிலும் இப்ப செத்திருப்பார்தானே?" நான் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வழக்கத்தில் ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களின் நாள். தகப்பன் உயிரோடு உள்ளவன் அன்றைக்கு விரதம் இருக்கமாட்டான், இருக்கவும் கூடாது. நான் இருந்துகொண்டிருந்தேன். அப்பா போய் ஐந்தாவது வருடம் தொடங்கியது. அன்றைக்கு வேலையில் ஒன்றும் சாப்பிடாமல், வரும் வழியில் கோயிலுக்குப் போய், அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி மோட்ச அர்ச்சனை செய்து, மோட்ச விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். உயிரோடு இருந்தால் இதனால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. இல்லையென்றால் மகன் இருந்தும் தண்ணீர் வார்க்க ஆளில்லாமல் நிற்பார். இப்படி இரண்டு பக்கமும் யோசித்துச் செய்த காரியம், கோழைத்தனம் என்றும் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தார் வீடுகளில் அன்றைக்குக் காத்தோட்டிக்காய் பொரிப்பார்கள், அந்தக் கசப்பு மணம் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவிடவில்லை. தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.

கோயிலில் முதல் தடவை ஒரு படிவம் தந்தார்கள். பெயர், நட்சத்திரம், தொடர்பு நம்பர். படிவத்தைக் கண்டால் அந்த வீட்டு நம்பரை எழுதுவது என் கைக்குப் பழகிப்போனது. அகதி வழக்குக்கு, அப்பாவைத் தேடும் விண்ணப்பங்களுக்கு, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எழுதினேன். யோசிக்காமல் அதையே எழுதிக் கொடுத்தேன். அப்பா எடுப்பார் என்று வைத்திருந்த நம்பரை, அப்பாவின் மோட்ச அர்ச்சனைக்குக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு மடத்தனத்தை வேறு எந்தச் சாதிசனமும் செய்யாது.

பல வருடம் கோயில்காரர் யாரும் எடுக்கவில்லை. பத்திரிகை வந்த அதே வருடம் ஆடியில், போன வருடம் அர்ச்சனை செய்தவர்களுக்கெல்லாம் எடுத்து நினைவூட்டலாம் என்று கோயிலில் யாருக்கோ நல்ல எண்ணம் உதித்திருக்கிறது. சனிக்கிழமை காலை. நான் மாடியில் இருந்தேன். மணி அடித்தது, அம்மா ஓடினார். கீழே அம்மாவின் குரல் கேட்டது.

"ஓம், அவரின்ரை வீடுதான்... ஓம், பேர் சரி... என்ன, புனர்பூசமோ? இல்லைப் பிள்ளை, பூசம். ஆர் உங்களுக்குப் புனர்பூசம் எண்டு தந்தது? பூசம் எண்டு திருத்துங்கோ." பிறகு குரல் தாழ்ந்தது. "இது என்ன பூசைக்குப் பிள்ளை?"

நான் படிகளில் பாதி இறங்கி அப்படியே நின்றேன். அம்மா ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தினை வருசமாச் செய்யிறாய்?"

சொன்னேன்.

அம்மா கதிரையில் இருந்து விரல்விட்டு ஏதோ எண்ணினார். நான் விளக்கு ஏற்றிய வருடங்களை எண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணியது வேறு. "அப்ப தங்கச்சியின்ரை மூத்தவளின்ரை சாமத்தியத்துக்கு ஆராத்தி எடுத்தனான். அவளின்ரை மச்சாளின்ரை கலியாணத்துக்கு எடுத்தனான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை கலியாண எழுத்துக்கு எடுத்தனான். நீ எல்லாத்துக்கும் அங்கைதானே நிண்டனீ?"

"அம்மா, நான் அப்பிடி ஒண்டும் நினைக்கேல்லை."

"கொப்பர் செத்திட்டார் எண்டு விளக்குக் கொளுத்திப்போட்டு வந்து, நான் தட்டோடை முன்னுக்குப் போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனீ. என்னை என்னவெண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனீ, தம்பி?"

கைம்பெண் ஆராத்தி எடுத்தால் என்ன, எடுத்தால் யாருக்கு என்ன குறைந்துபோகும் என்பதுதான் என்னுடைய நியாயம். அந்த நியாயத்தை எந்த மேடையிலும் சொல்வேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவருடைய நம்பிக்கையில், தெரியாமலே தன் பேத்திக்குக் கேடு செய்துவிட்டார். தெரிந்திருந்தும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதுதான் அவருக்கு வலித்தது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது, அழுதேன். அம்மா அழவில்லை.

"நீ கொளுத்தினது கொளுத்தினதுதான். நான் வைக்கிறதை வைக்கிறன். ரெண்டு பேரும் ஒரு வீட்டிலைதானே இருக்கிறம், இருப்பம்" என்றுவிட்டுச் சமையலுக்குப் போனார். அன்றைய சோற்றில் உப்பும் சரியாகத்தான் இருந்தது.

அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை. ஆசிரியரோடு சண்டை பிடித்து ஒரு திருத்தம் போடவைத்தேன். சாளுக்கிய அரசன் அந்த ஆண்டில் இறந்ததற்கு நேரடிச் சான்று இல்லை, அதற்குப் பிறகு அவனைப் பற்றிய செய்தி இல்லை என்பதே சரி என்று மூன்று வரி. ஆவணிப் பத்திரிகையில், ஒரு வீட்டுத் தளபாட விளம்பரத்துக்குக் கீழே வந்தது. அம்மா பூதக்கண்ணாடியால் வாசித்தார்.

பொட்டு அப்படியே இருந்தது, அதே அளவு. ஆனால் புரட்டாதி முடிவதற்குள் செவன் கிங்ஸில் தங்கச்சி வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. மணவறைக்கு முன்னால் ஆராத்தித் தட்டோடு வந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். "எனக்குக் கால் ஏலாது பிள்ளை, வேறை ஆரையும் கூப்பிடுங்கோ" என்றார் அம்மா. அன்றைக்கு அம்மாவின் காலுக்கு ஒன்றும் இல்லை. வரும் வழியில் ரயில் நிலையப் படிகளை என்னைவிட வேகமாக ஏறியிருந்தார். வேறு இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தார். அதற்குப் பிறகு எந்தச் சடங்கிலும் அவர் முன்னுக்குப் போகவில்லை. அப்பாவின் மரணத்தை அம்மா ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் தண்டனையை மட்டும், நான் செய்த காரியத்தால், வாய் திறக்காமல் எடுத்துக்கொண்டார். அதை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.

அடுத்த மாசியில் அம்மா சமையலறையில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார், பேச்சு வரவில்லை. தங்கச்சி பக்கத்தில் இருந்து ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துப் பொட்டு வைப்பாள். ஐந்தாம் நாள் காலை அம்மா போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஆசிரியர் எடுத்தார். மரண அறிவித்தலை அவரே எழுதி, இணையத்திலும் போட்டுவிடுவார், கனடா, அவுஸ்திரேலியா எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். எங்கள் அறிவித்தல்களுக்கு ஒரே அச்சுத்தான். ஊர், வதிவிடம், பெற்றோர், கணவர், பிள்ளைகள், மருமக்கள், கடைசியில் தொடர்புகளுக்கு என்று நம்பர்கள். இறந்துபோனவர் ஒவ்வொருவரின் பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். சனம் வாசிப்பதும் அந்தச் சொல்லைத்தான். அது யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பார்த்து, அந்த வீட்டில் இன்னும் யார் மிச்சம் என்று தெரிந்துகொள்வார்கள். ஆசிரியர் தான் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அம்மாவின் தாய் தகப்பன் பெயர்களுக்கு முன்னால் அந்தச் சொல் வந்தது. பிறகு "காலஞ்சென்ற" என்று சொல்லி அப்பாவின் பெயரையும் வாசித்து, "அவர்களின் அன்பு மனைவியும்" என்று தொடர்ந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

தங்கச்சி பக்கத்தில் நின்றாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவளுக்கும் கேட்டது. "அண்ணா, அம்மா இதைத்தான் முதல் வாசிப்பா" என்றாள். அம்மா இனி எதையும் வாசிக்கமாட்டார் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ" என்றேன்.

"அப்ப ஐயா இருக்கிறாரோ?"

"தெரியாது."

"அண்ணை, தெரியாததுக்கு எங்களிட்டை ஒரு சொல்லும் இல்லை. ஒண்டில் போடோணும், இல்லாட்டி விடோணும்."

"விடுங்கோ."

அவர் விட்டார். அம்மாவைச் சிவப்புச் சேலை கட்டி, பூ வைத்து, நெற்றியில் பெரிய பொட்டோடு படுக்க வைத்தோம். தங்கச்சிதான் எல்லாம் செய்தாள். வந்த பெண்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருடம் கழித்து முதல் தடவையாக அம்மாவுக்குச் சரியானதைச் செய்துவிட்டேன் என்று எனக்கு இருந்தது. அது அதிக நாள் நிலைக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பின்னேரம் கனடாவிலிருந்து ஒரு அழைப்பு. அறிவித்தலில் என் நம்பர் இருந்ததால் துக்கம் விசாரிக்கிறவர்கள் பலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒன்று என்றுதான் நினைத்தேன். வயதுபோன பெண்ணின் குரல். என் அம்மாவைத் தனக்குத் தெரியாது என்றார். மன்னிக்கச் சொன்னார். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளித் தன்னுடைய ஊர் என்றார்.

"நோட்டீஸ் பாத்தனான் தம்பி. உங்கடை அப்பாவின்ரை பேர் எனக்கு மறக்காது. என்ரை மனுசனும் அவரும் ஒரே பஸ்சிலைதான் ஏறினவை. நான் பின்னாலை வரிசையிலை நிண்டனான், என்னை ஏத்தேல்லை." மூச்சு வாங்கினார். "காலஞ்சென்ற எண்டு போடேல்லை. அப்ப உங்கடை அப்பா இருக்கிறார், என்ன? எங்கை வைச்சிருக்கினம் தம்பி? இவரும் அங்கைதானோ?"

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றும் தெரியாது அம்மா, அந்தச் சொல்லை நான்தான் எடுக்கச் சொன்னேன், செத்துப்போன என் அம்மாவுக்காக எடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மறுபக்கத்தில் அந்த மனுசி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது கேட்டது.

"நான் விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா" என்றேன்.

"ஓம் ராசா, ஆறுதலா விசாரிச்சுச் சொல்லுங்கோ. இவ்வளவு காலம் இருந்திட்டன், இன்னும் கொஞ்சம் இருக்க ஏலும்" என்றார். அவருடைய குரலில் அவ்வளவு சந்தோசம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரே எடுக்கிறார். என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார், அங்கே பனி எவ்வளவு என்று சொல்வார். வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "ஏதும் தெரிஞ்சதோ தம்பி?" என்பார்.

"இன்னும் இல்லை அம்மா" என்கிறேன்.